துப்பாக்கி வரியும் ஆயுத உடன்படிக்கையும்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போரை நீண்டகாலமாக வாட்டிவரும் அச்சங்கள் இரண்டு. ஒன்று, துப்பாக்கிகள் மீதும் ரவைகள் மீதும் விதிக்கப்படும் வரி. மற்றையது, ஐக்கிய நாடுகள் சபையின் ஆயுத வர்த்தக உடன்படிக்கை. 1791ஆம் ஆண்டின் இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் தமக்கு உறுதிசெய்த உரிமையைக் கொல்லைப்புற வழியாகப் பறிப்பதற்கான முயற்சிகளே இவை என்பது அவர்களது வாதம். இவ்விரு அச்சங்களையும் ஒரே தராசில் நிறுப்பது பொருத்தமாகாது என்பதே எமது கருத்தாகும்.

துப்பாக்கி வரி அந்நாட்டுக்குப் புதியதொன்றல்ல. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கைத்துப்பாக்கிகளுக்கான 10 வீத வரியும், ஏனைய துப்பாக்கிகளுக்கும் ரவைகளுக்குமான 11 வீத வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செலவிடப்படுகின்றன. இதனை வேட்டைக்காரர்களே ஆதரித்து வந்துள்ளனர். ஆனால், 1934இல் இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றுக்கு விதிக்கப்பட்ட 200 டொலர் வரியின் நோக்கம் வேறு. அன்றைய நிலையில் அது பெருந்தொகை. வருமானம் ஈட்டுவதைவிட, வாங்குவோரைத் தடுப்பதே அதன் குறிக்கோளாக இருந்தது. வரியைக் கொண்டே ஒரு பொருளை எட்டாக்கனியாக்கலாம் என்ற அச்சத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

அண்மைய வரிகள் இவ்வச்சத்தைப் புதுப்பித்துள்ளன. கலிபோர்னியா மாநிலம் 2024 ஜூலை முதல் 11 வீத மேலதிக வரியை நடைமுறைப்படுத்தியது. கொலராடோ மக்கள் 2024 நவம்பர் வாக்கெடுப்பில் 6.5 வீத வரியை அங்கீகரித்தனர். வன்முறைத் தடுப்பு, பாதிக்கப்பட்டோருக்கான உதவி போன்றவையே இவற்றுக்குக் கூறப்படும் காரணங்கள். மறுபுறம், மத்திய அரசாங்கம் எதிர்த்திசையில் சென்றுள்ளது. 2025இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம், ஒலியடக்கிகளுக்கான 200 டொலர் வரி 2026 ஜனவரி முதல் நீக்கப்பட்டது.

வசதி படைத்தவனுக்கு இவ்வரிகள் ஒரு பொருட்டல்ல. குற்றங்கள் மலிந்த பகுதியில் வாழும் ஏழைக்கே அவை சுமையாகும். இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. அதேவேளை, குண்டடிபட்டோரின் வைத்தியச் செலவைத் துப்பாக்கியையே தொடாத மக்களும் சுமக்கின்றனர் என்பதையும் மறுக்கவியலாது. திரட்டப்படும் நிதி வன்முறையைக் குறைக்கவே செலவாகின்றதா என்பதே உரைகல்லாக அமைய வேண்டும். குக் மாவட்டத்தின் வரியை இலினோய் மாநில உயர்நீதிமன்றம் 2021இல் நிராகரித்தபோதும் இதுவே பிரதான விடயமாக இருந்தது.

ஆயுத வர்த்தக உடன்படிக்கை மீதான அச்சம் இத்தகையதன்று. 2013 ஏப்ரல் 2ஆம் திகதி பொதுச்சபையில் 154 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறி, 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இவ்வுடன்படிக்கை, நாடுகளுக்கிடையிலான ஆயுதப் பரிமாற்றத்தையே கட்டுப்படுத்துகிறது. இனப்படுகொலைக்கோ மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ பயன்படும் எனத் தெரிந்தும் ஆயுதம் வழங்குவதை அது தடைசெய்கிறது. உள்நாட்டு ஆயுதங்களை ஒழுங்குபடுத்தும் உரிமை அந்தந்த நாட்டுக்கே உரியதென அதன் முகப்புரை தெளிவாகக் கூறுகிறது. ஏற்றுமதிப் பதிவேடுகளில் இறுதிப் பயனாளர் விபரம் இடம்பெறலாம் என்ற ஏற்பாடு, துப்பாக்கி உரிமையாளர் பட்டியலாக உருவெடுக்கும் என்று அவர்கள் அஞ்சினர். எனினும், அத்தகைய தேசியப் பதிவேட்டை அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்துள்ளது.

2013 செப்டெம்பரில் அமெரிக்கா கைச்சாத்திட்டபோதிலும், செனட் சபை அதனை அங்கீகரிக்கவில்லை. 2019இல் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அந்த அறிவிப்பை அவர் விடுத்த இடம் தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் மாநாட்டு மேடை என்பது குறிப்பிடத்தக்கது.

2013 வாக்கெடுப்பில் வாக்களிக்காது ஒதுங்கிய 23 நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வெளியிலிருந்து வந்த ஆயுதங்களால் பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த நாடு இது. அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளரின் கவலை தன் வீட்டு அலுமாரியில் உள்ள ஆயுதத்தைப் பற்றியது. எமது கவலையோ எல்லை கடந்து வரும் ஆயுதத்தைப் பற்றியது. முன்னையதன் பேரால் பின்னையது புறக்கணிக்கப்படுமாயின், அதற்கான விலையைச் செலுத்தப்போவது எம்மைப் போன்ற சிறிய நாடுகளின் மக்களேயாவர்.