கணினி அமைப்புக் கோப்புகளின் காப்பும் மீட்பும்

இயங்குதளம் தொடங்குவதற்கும் செயல்படுவதற்கும் தேவையான கோப்புகள் அமைப்புக் கோப்புகள் எனப்படுகின்றன. திடீர் மின்தடை, வன்தட்டுக் கோளாறு, நச்சுநிரல், பிழையுள்ள இயக்கி போன்றவற்றால் இவற்றுள் ஒன்று கெட்டாலும் கணினி தொடங்காமல் போகலாம். இதற்கென முன்கூட்டியே எடுத்து வைக்கும் நகல் காப்புநகல் ஆகும். அதைக் கொண்டு கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மீட்டெடுத்தல் ஆகும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இயங்குதளங்களில் இவை நடைபெறும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்புக் கோப்புகளும் பயனர் கோப்புகளும்

அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் சி இயக்ககத்தின் விண்டோஸ் கோப்புறையில் உள்ளன. கணினியின் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகம், சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருக்கும் கான்ஃபிக் என்னும் உட்கோப்புறையில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம் போன்ற பெயர்களில் பல கோப்புகளாக இருக்கிறது. இவை அழிந்தால் விண்டோஸை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பயனரின் ஒளிப்படங்கள், பாடக் குறிப்புகள், ஆய்வேடு ஆகியவற்றை அவ்வாறு திரும்பப் பெற முடியாது. எனவே கணினி செயலிழந்தால் முதலில் காக்க வேண்டியவை பயனர் கோப்புகளே.

மீட்டெடுப்புப் புள்ளி

விண்டோஸ் எம்.இ. பதிப்பில் 2000-ஆம் ஆண்டு அறிமுகமான வசதி இது. புதிய இயக்கி அல்லது இற்றை நிறுவப்படும் முன் பதிவகம், அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றின் நிலையை இது பதிந்து வைக்கிறது. சிக்கல் எழுந்தால் அந்த நாளின் நிலைக்குத் திரும்பலாம். அதற்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும். ஆவணங்கள் அப்படியே இருக்கும்.

இதைக் காப்புநகல் என்று எண்ணுவது பரவலான தவறு. இது ஆவணங்களைச் சேமிப்பதில்லை. மேலும், இது அதே வன்தட்டில் இருப்பதால் வன்தட்டு பழுதானால் இதுவும் போய்விடும். பிணைநிரல்கள் பலவும் இப்புள்ளிகளை அழித்துவிடுகின்றன. பல கணினிகளில் இவ்வசதி அணைக்கப்பட்டே இருக்கும் என்பதால், இயங்குகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினி தொடங்காதபோது

தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குச் செல்லும். அங்கே சிறிய மாற்றத்திலிருந்து பெரிய மாற்றத்துக்குச் செல்வதே பாதுகாப்பான வரிசை.

1. வன்தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி வந்தால் எந்தப் பழுதுநீக்கும் கருவியையும் இயக்கக் கூடாது. லினக்ஸ் உள்ள யு.எஸ்.பி. மூலம் கணினியைத் தொடங்கி, கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும்.
2. தொடக்கப் பழுதுநீக்கம், கடைசி இற்றையை நீக்குதல் ஆகியவற்றை முயலலாம்.
3. மீட்டெடுப்புப் புள்ளி இருந்தால் அதற்குத் திரும்பலாம்.
4. பாதுகாப்பு முறையில் கணினி தொடங்கினால், கட்டளை வரியில் எஸ்.எஃப்.சி. கருவியை இயக்கலாம். அது கெட்ட கோப்புகளுக்குப் பதிலாக விண்டோஸ் தன்னிடம் வைத்துள்ள நல்ல நகலை இடுகிறது. அந்த நகலும் கெட்டிருந்தால் டி.ஐ.எஸ்.எம். கருவியால் அதைச் சரிசெய்து, மீண்டும் எஸ்.எஃப்.சி.யை இயக்க வேண்டும்.
5. எதுவும் பயனளிக்காவிட்டால் மட்டுமே விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டும்.

ரெக்பேக் கோப்புறையிலிருந்து பதிவகத்தை நகலெடுக்குமாறு பழைய வழிகாட்டிகள் கூறுகின்றன. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே நகல் எடுப்பது இயல்பாக நிறுத்தப்பட்டது. கோப்புகள் இருப்பதுபோல் தோன்றினாலும் அளவு 0 ஆக இருக்கும். அவற்றை நகலெடுத்தால் இருக்கும் பதிவகமும் அழியும்.

2024 ஜூலை நிகழ்வு

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான இற்றையால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானச் சேவைகளும் மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன. பாதுகாப்பு முறையில் தொடங்கி, பிழையான அந்தக் கோப்பை நீக்குவதே தீர்வாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பிட்லாக்கரால் மறையாக்கம் செய்த கணினிகளில் இதற்கு 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டதால் பணி தாமதமானது. இன்று பல மடிக்கணினிகளில் மறையாக்கம் தானாகவே இயங்குகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் இச்சாவியைத் தாளில் எழுதி, கணினிக்கு வெளியே வைத்திருப்பது நல்லது.

காப்புநகல் எடுக்கும் முறை

3-2-1 என்னும் விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கோப்புக்கு 3 நகல்கள், 2 வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் 1 வேறிடத்தில் என்பது இதன் பொருள். மாணவர் ஒருவருக்கு மடிக்கணினி, வெளி வன்தட்டு, மேகச் சேமிப்பகம் ஆகிய மூன்றும் போதும். நகல் எடுத்தபின் வெளி வன்தட்டைக் கழற்றி வைக்க வேண்டும். இணைந்தே இருந்தால் பிணைநிரல் அதையும் தாக்கும்.

கணினி நலமாக இருக்கும்போதே மீட்பு யு.எஸ்.பி. ஒன்றையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை காப்புநகலிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். அவ்வாறு சோதிக்காத நகல், தேவைப்படும் நாளில் திறக்கும் என்பதற்கு உறுதி இல்லை.