பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டு: விலைக்கு முன்னாடி வாட்டைப் பாருங்க!

தென்காசி, குற்றாலம் பக்கம் வேலை பார்த்துக்கிட்டே, போனஸ் வந்ததும் கேமிங் பிசிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாம்னு நினைக்கிறீங்களா? கார்டு விலையை மட்டும் கேட்காதீங்க. மொத்தச் செலவைக் கணக்குப் போடுங்க.

1. எஸ்எம்பிஎஸ்: ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் வரை இழுக்கும். 8-பின் இணைப்பும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் வேணும். பழைய பிசியில அது இல்லைன்னா அதுக்கும் தனியா பணம் போகும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்கு 70 வாட் போதும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் பெரும்பாலும் தனி ஒயர் தேவைப்படாது. ஆனா கேம்ல வேகம் 6600-க்குத்தான் அதிகம்.

2. பெயர்: 3050-ன்னு 2022-ல வந்தது 8 ஜிபி, 2,560 கோர். 2024-ல வந்தது 6 ஜிபி, 2,304 கோர். ரெண்டும் ஒண்ணு இல்லை. பில்லில் எத்தனை ஜிபின்னு எழுதி வாங்குங்க.

3. நோ காஸ்ட் இஎம்ஐ: கிரெடிட் கார்டில் வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. வட்டி 1,000 ரூபாய்னா 180 ரூபாய் நம்ம பாக்கெட்ல இருந்துதான் போகும். பிராசஸிங் ஃபீஸ் இருந்தா அது தனி.

4. செகண்ட் ஹேண்ட்: 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்னதும், ராப்பகலா ஓடின கார்டுகளும் விற்பனைக்கு வந்தது. பில்லும் வாரண்டியும் இல்லாம வாங்காதீங்க.

மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி இன்னும் சேரலையா? முதல்ல அதை முடிங்க. அடுத்த சீசன் சாரலுக்கு கார்டு பார்த்துக்கலாம். இன்னைக்குச் செலவில்லாம செய்யக்கூடியது ஒண்ணுதான்: கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிங்க.