வாசல் குழாயில் கை வைக்கும் முன்

கொல்லைப்புறக் குழாயைத் திறக்கும்போது விரலில் சுர்ரென்று ஏதோ இழுத்தால், ஈரத்தின் கூச்சம் என்று விட்டுவிடாதீர்கள். அது மின்சாரம். சொட்டுகிற குழாயைச் சரிசெய்ய ஸ்பேனரும் கையுமாக உட்காருகிற எவரும் வாஷர் அளவைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வீடுகள் பலவற்றில் எர்த்துக்கென்று தனிக் குழி கிடையாது. மண்ணுக்குள் ஓடும் ஜிஐ தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றி வேலையை முடித்திருப்பார்கள். இரும்பு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தவரை அது ஒருவாறு பயன்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழும். பிளம்பர் வந்து, கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் பிவிசி குழாயைச் சேர்ப்பார். தண்ணீர் நன்றாக வரும். பிவிசி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் வீட்டின் எர்த் அந்த நிமிடமே அறுந்திருக்கும். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு என்றாவது மோட்டார் காயிலில் ஈரம் இறங்கும், அல்லது கீசர் எலிமென்ட் விரிசல் விடும். கசிந்த மின்சாரம் எர்த் கம்பி வழியே வந்து, மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், சுவரில் மிச்சமிருக்கும் இரும்புத் துண்டிலும் அதன் முனையில் உள்ள பித்தளைக் குழாயிலும் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொட்டால், அறுந்த வழியை அவருடைய உடல் இணைத்துவிடும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், உடல் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் ஒரு பங்கே போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அது எரியாது. எம்சிபியும் விழாது. காப்பாற்றக்கூடியது ஆர்சிசிபி ஒன்றுதான். உள்ளே போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பி வருவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் உள்ள ‘டி’ பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அந்தப் பெட்டி சும்மா மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் காய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு லைன் டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் குழாயைத் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டாலும் அதை மட்டும் நம்ப முடியாது. மோட்டார் சுவிட்சோடு நிறுத்தாமல் வீட்டின் மெயினையே அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். மெயினை அணைத்த பின்னும் டெஸ்டர் எரிகிறதென்றால், பக்கத்து வீட்டுக் கசிவு குழாய் வழியாக வந்துகொண்டிருக்கலாம். மின்வாரிய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். துணி காயப்போடும் இரும்புக் கம்பியைத் தண்ணீர்க் குழாயிலோ மோட்டார் ஷெட்டிலோ கட்டியிருந்தால், இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். குழாயில் ஏறும் மின்சாரம் அந்தக் கம்பியிலும் ஏறும்.

இனி பழுதுக்கு வருவோம். மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். திறக்கும்போது பிடிக்குக் கீழே கழுத்தில் கசிந்தால் அங்கே அடைத்திருக்கும் திரி காய்ந்திருக்கும். இந்த இரண்டையும் கையில் நிதானம் உள்ள யாரும் சரிசெய்துவிடலாம். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் வாஷர் கிடையாது, செராமிக் தட்டுகள் உள்ள உருளையை முழுதாக மாற்ற வேண்டும். சொட்டு நிற்கவில்லை என்று பிடியை மேலும் மேலும் இறுக்குவதுதான் பலர் செய்கிற தவறு. தேய்ந்த வாஷரை இறுக்கினால் அது உட்காரும் பித்தளை விளிம்பும் தேய்ந்துபோகும். அதன்பின் புது வாஷர் போட்டாலும் சொட்டும்.

குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கசிவது வேறு கதை. அதற்குக் குழாயையே கழற்ற வேண்டும். பல ஆண்டு துருவில் பிடித்துக்கொண்ட குழாயைப் பைப் ரெஞ்சால் வலிந்து திருப்பும்போது, குழாய் கழல்வதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் எல்போ திரும்பிவிடலாம். உள்ளே இணைப்பு விட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து அறைக்குள் சுவர் ஊறி, பெயின்ட் பொரிந்து உதிரும்போதுதான் விஷயம் புரியும். அதற்குள் செலவு பல மடங்கு ஆகியிருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயை ஒரு ரெஞ்சால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பித்தளைக் குழாயைத் திருப்புவதே முறை. பிடிக்க இரும்பு எதுவும் வெளியே இல்லை என்றால் அந்த வேலை நமக்கு வேண்டாம்.

கேட் வால்வை நம்பியும் பலர் ஏமாறுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத வால்வு முழுதாக மூடாது. பலங்கொண்டு திருப்பினால் அதன் தண்டு முறியும். அது திரும்ப மறுத்தால் மாடித்தொட்டியைக் காலிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றுவதற்கு முன்பே கையில் ஒரு அரை அங்குல டம்மி இருக்க வேண்டும். புதுக் குழாய் பொருந்தாமல் போனால் அந்த அடைப்பான்தான் அன்றைய தண்ணீரைக் காப்பாற்றும். இந்த வேலையை இரவில் செய்யாதீர்கள். கடை திறந்திருக்கும் காலை நேரம்தான் சரி.

பிவிசி எல்போவில் பித்தளைக் குழாயை முறுக்கும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி, ரெஞ்சு போட்டு இறுக்கினால், பிளாஸ்டிக் மரையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். வெயிலில் வெளுத்துப்போன பிவிசி ஏற்கெனவே நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். ஊரடங்கி, குழாயில் நீரழுத்தம் ஏறும் நேரத்தில் அந்த விரிசல் பிளக்கும். உள்ளே பித்தளை மரை வைத்த எல்போ கடைகளில் கிடைக்கிறது. வெளிக்குழாய்க்கு அதைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம் என்பேன். நூலைச் சுற்றி ஒயிட் லெட் பூசும் பழைய பழக்கத்தைக் குடிநீர் வரும் குழாயில் அனுமதிக்காதீர்கள். அது காரீயச் சேர்மம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் கெடுக்கும்.

ஓஸ் பைப்பைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ஒருமுனை குழாயில், மறுமுனை மாட்டுத் தொட்டியிலோ உரம் கரைத்த வாளியிலோ மூழ்கிக் கிடக்கும். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. விட்டுவிட்டு வருகிறது. வரத்து நிற்கும்போதும், தெருவில் யாராவது தடையை மீறிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும்போதும், குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். அப்போது திறந்திருக்கும் வெளிக்குழாய் வழியே அந்த வாளி நீர் பின்னோக்கிக் குடிநீர்க் குழாய்க்குள் ஏறும். மண்ணுக்குள் கசியும் இணைப்பும் இப்படியே சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். இது வெறும் ஊகமில்லை. 1933இல் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு ஓட்டல்களின் குழாய் அமைப்புக் கோளாறால் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. ஏறத்தாழ 1,400 பேருக்கு அமீபா சீதபேதி கண்டது. 98 பேர் இறந்தார்கள். விருந்தினர்கள் ஊர் திரும்பிய பிறகே நோய் தெரிந்ததால், காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. ஓஸின் முனையை எந்த நீரிலும் மூழ்கவிடாதீர்கள். வேலை முடிந்ததும் குழாயிலிருந்து கழற்றிவிடுங்கள்.

சொட்டுகிற நீர் வீணாகக் கூடாதென்று அடியில் வாளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படித் தேங்கி நிற்கும் தெளிந்த நீரைத்தான். அது முட்டையை நீரின் மட்டத்துக்குச் சற்று மேலே, வாளியின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். நீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை நாரோ பிரஷோ போட்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் மட்டுமே இந்தச் சுழற்சி அறும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதில் ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது.

கரிசல் மண்ணில் வீடு கட்டியிருப்பவர்கள், கோவை, கோவில்பட்டிப் பக்கத்தவர்கள், இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரிசல் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்தின் ஒரு மூலை மட்டும் ஆண்டு முழுதும் ஈரமாக இருந்தால் அந்த மூலை மட்டும் மேலே தூக்கப்பட்டுச் சுவர் சாய்வாக விரிசல் விடும். அதற்குச் சிமென்ட் பூசிப் பயனில்லை. முதலில் சொட்டை நிறுத்த வேண்டும்.

கடைசியாக, வீணாகும் நீர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்குச் சுமார் 20 லிட்டர், ஆண்டுக்கு 7,300 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒருநாளைக்கு என வகுத்திருக்கும் அளவு 55 லிட்டர். அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு வீட்டு வாசலில் சொட்டிப்போவது ஒரு மனிதரின் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட தண்ணீர். 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. சுமார் 340 வீடுகளின் வெளிக்குழாய்கள் ஓராண்டு சொட்டினால் அந்த ஒரு ரயில் கொண்டுவந்த நீர் முழுதும் போய்விடும்.