செல்போன் தரகு

மாட்டுச் சந்தையில் தரகர் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கு அடியில் விரல்களைப் பிடித்தே பேரத்தை முடித்துவிடுவார். மாடும் அவருடையதல்ல, பணமும் அவருடையதல்ல. ஆனாலும் அவருக்குத் தரகு கிடைக்கிறது. "அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று வாங்குகிறவர் நம்புகிறாரே, அந்த நம்பிக்கைக்குக் கிடைக்கும் கூலி அது.

அதே தரகு இப்போது செல்போனுக்குள் குடியேறிவிட்டது. அதற்கு "அஃபிலியேட் மார்க்கெட்டிங்" என்று ஒரு பெரிய பெயர். தரகருக்கோ "இன்ஃப்ளூயன்ஸர்" என்று அதைவிடப் பெரிய பெயர்! மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும், "வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாமாமே, நிஜந்தானா?" என்று கேட்கும் சகோதரிகளும் கல்லூரி மாணவர்களும் பலர். நிஜந்தான். ஆனால் எப்படி, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

விஷயம் இதுதான். பொருள் விற்கும் கம்பெனியில் பெயரைப் பதிவு செய்துகொண்டால், உங்களுக்கென்று ஒரு தனி லிங்க் கொடுப்பார்கள். ஒரு பொருளைப் பற்றி நீங்கள் வீடியோ எடுத்து, அந்த லிங்கையும் கூடவே போடுகிறீர்கள். பார்த்தவர் அதைத் தொட்டு, கடைக்குள் போய்ப் பொருளை வாங்கினால் உங்களுக்குக் கமிஷன். சரக்குப் பிடிக்க வேண்டாம், மூட்டை கட்ட வேண்டாம். அமேஸான் கம்பெனி, புத்தகம் மட்டும் விற்றுக்கொண்டிருந்த 1996-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. 2024 அக்டோபரில் யூடியூபும் நம் நாட்டில் ஃப்ளிப்கார்ட், மிந்த்ரா ஆகிய கடைகளோடு சேர்ந்து இதை ஆரம்பித்தது.

இனி வரவைப் பார்ப்போம். பேச்சுக்கு, ஒரு சேலை 800 ரூபாய், கமிஷன் நூற்றுக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். ஐம்பது பேர் லிங்கைத் தொடுகிறார்கள். இரண்டு பேர் வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவர், "நிறம் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். திரும்பி வந்த பொருளுக்குக் கமிஷன் கிடையாது. ஆக, வரவு 48 ரூபாய்! விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா குடித்தால் கணக்குத் தீர்ந்தது. அந்த 48 ரூபாயும் உடனே கைக்கு வராது. கணக்குப் பார்த்து வந்து சேரச் சில மாதமாகும். அமேஸானில் சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். நீங்களே உங்கள் லிங்கில் வாங்கிக்கொண்டால் அது சேர்த்தியில்லை. ஆகையால் இதை நம்பி இருக்கிற உத்தியோகத்தை விட்டுவிட வேண்டாம்.

அப்படியானால் யாருக்குத்தான் இதில் காசு வருகிறது? ஏதாவது ஒரு பொருளை நன்றாக அறிந்து, ஒளிக்காமல் சொல்பவருக்கு. நம் ஊர்ச் சுங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து எடுத்தது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் அச்சிலும் புள்ளி வைத்தவையும் அதே பெயரில் விற்பனையாகின்றன. முடிச்சுப் புள்ளி அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில் இராது. இந்த வித்தியாசத்தைக் கையில் துணியை வைத்துக்கொண்டு காட்டி, "இது அச்சுச் சேலை, தினப்படி உடுத்த நன்றாயிருக்கும், ஆனால் முடிச்சுச் சேலை விலை கொடுக்காதீர்கள்" என்று ஒரு பெண் சொன்னால், அடுத்த தடவை சேலை வாங்கும்போது அவள் வீடியோவைத்தான் தேடுவார்கள்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகப் புதிதாகச் சேர்ந்த மாமாவைக் கண்டு தெருக்கோடியிலேயே திரும்பிப் போன அனுபவம் பலருக்கு இருக்கும். ஆரம்பத்தில் உங்கள் லிங்கைத் தொடப் போகிறவர்களும் அத்தையும் சித்தியும் அடுத்த வீட்டு அக்காவுந்தான். உபயோகித்தே பாராத முகப்பூச்சை "ஆகா, ஓகோ" என்று சொல்லி, அதைத் தடவிக்கொண்ட சித்திக்கு முகம் வெந்துபோனால், கமிஷன் நாற்பது ரூபாய். சித்தி பேச மாட்டாள்!

இதில் சட்டமும் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை விதிமுறை வெளியிட்டது. காசு வாங்கினாலும், இலவசப் பொருள் வாங்கினாலும், கமிஷன் வந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே, எழுத்திலும் பேச்சிலும் சொல்ல வேண்டும். மூலையில் பொடியெழுத்தில் ஒளித்து வைக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. "சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று பயப்பட வேண்டாம். பூக்கடையில் கமிஷன் உண்டு என்று தெரிந்துதானே ஊரார் பூ வாங்குகிறார்கள்? மறைத்தது பிறகு தெரியவந்தால்தான் கோபம் வருகிறது.

இன்னொரு எச்சரிக்கை. நிஜமான கமிஷன் திட்டத்தில் சேரப் பணம் கட்ட வேண்டியதில்லை. "வீடியோவுக்கு லைக் போட்டால் காசு" என்று டெலிகிராமில் ஆசை காட்டி, முதலில் நூறு இருநூறு கொடுத்து, பிறகு "ஆயிரங்களைக் கட்டினால் இரட்டிப்பு" என்று உருவிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அப்படி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

தொடங்க விரும்புகிறவர்கள் வீட்டில் தினசரி புழங்கும் ஒரு பொருளோடு தொடங்கலாம். ஆறு மாதம் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இன்டர்நெட்டுக்குக் கட்டியதையும் மறக்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறையாவது சொல்லுங்கள். வாங்கிய சித்தியிடம் பத்து நாள் கழித்து, "எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை அடுத்த வீடியோவில் கூட்டாமல் குறைக்காமல் போடுங்கள்.