பொய்ப்பழியும் வழக்கு மன்றமும்

தேர்தல் காலத்தில் ஓர் அபேட்சகர்மீது அபாண்டமான பழியொன்று கிளம்பி, அவரும் அதை மறுத்து ஓர் அறிக்கை விடுவதோடு ஓய்ந்துவிட்டால், “பொய்யென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனால் கோர்ட்டுக்குப் போனவர்கள் கண்ட பலனைப் பார்த்தால், போகாதவர்களின் மௌனத்துக்குக் காரணம் விளங்கிவிடும்.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் 1912-ல் மீண்டும் அப்பதவிக்குப் போட்டியிட்டபோது, மிச்சிகன் மாகாணத்து இஷ்பெமிங் என்ற சிற்றூரில் ‘அயர்ன் ஓர்’ என்னும் வாரப் பத்திரிகையை நடத்திவந்த ஜார்ஜ் நியூவெட், அவர் அடிக்கடி குடித்து வெறிப்பவர் என்றும், அது அவருடைய அந்தரங்க நண்பர்கள் அனைவரும் அறிந்த விஷயமே என்றும் எழுதினார். ரூஸ்வெல்ட் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். ஆனால் 1913 மே மாதக் கடைசியில் மார்க்கெட் நகரத்து நியாயஸ்தலத்தில் விசாரணை தொடங்கியபோது, தேர்தலில் அவர் தோற்று, வென்ற வில்சன் பதவியேற்று ஏறக்குறைய மூன்று மாதமாகியிருந்தது. ஒரு தேசத்தையே ஆண்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி, தாம் எதை எப்போது எவ்வளவு அருந்தினோம் என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டியதாயிற்று. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நல்ல புதினாப் பாத்தி இருந்ததையும், புதினா கலந்த மதுவை வருஷத்தில் அரை டஜன் கோப்பை அருந்தியிருக்கலாம் என்பதையும்கூட அவர் சொன்னார். முடிவில் நியூவெட் தம் கூற்றுக்குச் சாட்சி கிடைக்கவில்லையென்று ஒப்புக்கொண்டார். பணம் தமக்கு நோக்கமல்ல என்று ரூஸ்வெல்ட் கூறவே, பெயரளவு நஷ்டஈடாக ஆறு சென்ட் தீர்ப்பாயிற்று. இது ஜெயித்த வழக்கு!

அதற்குப் பிறகு சட்டம் இன்னும் கடுமையாயிற்று. மார்ட்டின் லூதர் கிங்கின் ஆதரவாளர்கள் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்ட விளம்பரமொன்றில் சில விவரப் பிழைகள் இருந்தன என்பதைப் பற்றிக்கொண்டு, மான்ட்கோமரி நகர அதிகாரி சல்லிவன் அலபாமா கோர்ட்டுகளில் பெற்ற ஐந்து லட்சம் டாலர் தீர்ப்பை, 1964-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தள்ளியது. பிழைக்கெல்லாம் தண்டம் விதித்தால் அதிகாரத்தை விமரிசிக்க எவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால், சொன்னவர் பொய்யென்று தெரிந்தே சொன்னார் அல்லது மெய்யா பொய்யா என்பதை லட்சியம் செய்யாமலே சொன்னார் என்று வாதி நிரூபித்தாக வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பேச்சின் பொய்மையைக் காட்டுவதே சிரமமாயிருக்க, பேசியவனின் மனத்தையும் திறந்து காட்டு என்றால் எத்தனை பேரால் ஆகும்? 1960-ல், நியூ ஹாம்ப்ஷயரின் செனட் பதவிக்கான கட்சி முதனிலைத் தேர்தலுக்கு மூன்றே நாள் முன்பு முன்னாள் கள்ளச் சாராய வியாபாரி என்று அச்சில் ஏசப்பட்ட அபேட்சகர் ஒருவருக்கு ஜூரி அளித்த வெற்றியை, 1971-ல் அதே சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. நம் நாட்டிலும் சென்னை ‘நக்கீரன்’ பத்திரிகை சம்பந்தப்பட்ட வழக்கில், பொது ஊழியர்களின் உத்தியோகக் காரியங்களைப் பற்றிய விமரிசனத்துக்கு ஏறக்குறைய இதே பாதுகாப்பைச் சுப்ரீம் கோர்ட் 1994-ல் வழங்கியது.

இத்தனை தடைகளையும் தாண்டியவர் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட பாரி கோல்ட்வாட்டர். அவர் மனநிலை சரியில்லாதவர் என்று ‘ஃபாக்ட்’ பத்திரிகை 1964 தேர்தலின்போது வெளியிட்டதற்கு, 1968-ல் ஜூரி அவருக்கு ஒரு டாலர் நஷ்டஈடும், எதிர்த்தரப்புக்குத் தண்டனையாக 75,000 டாலரும் வழங்கத் தீர்ப்பளித்தது. ஜனாதிபதி பதவியோ நான்கு வருஷத்துக்கு முன்பே கைநழுவியிருந்தது.

வழக்குத் தொடுத்தவரே குற்றவாளியாகும் அபாயமும் உண்டு. பிரிட்டிஷ் அமைச்சராயிருந்த ஜோனதன் எய்ட்கன், தம் பாரிஸ் ஹோட்டல் பில் ஒன்றை யார் செலுத்தினார் என்று கிளறிய ‘கார்டியன்’ பத்திரிகைமீது ஆவேசமாக வழக்காடி, தம் மனைவியே அதைச் செலுத்தியதாகச் சாதித்தார். அவ்வம்மையார் அன்று பாரிஸிலேயே இல்லை என்பதைப் பிரயாண ஆவணங்கள் காட்டிவிட, 1997-ல் வழக்கு சரிந்து, 1999-ல் பொய்ச்சாட்சியத்துக்காக அவர் சிறை சென்றார்.

ஆகவே, வழக்குத் தொடராமை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. நிரபராதித்துவத்துக்கு நற்சான்றும் ஆகாது. வாக்காளர் ஆதாரம் கேட்க வேண்டியது பழியைச் சுமப்பவரிடம் அல்ல, சுமத்தியவரிடமே; அதையும் வாக்களிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.