பூனைக்கும் ஓர் ஆள் சொல்லிவிட்டுப் போங்கள்

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் மாடு வைத்திருக்கும் குடும்பம் நினைத்த மாத்திரத்தில் ஊருக்குக் கிளம்பிவிட முடியாது. பழனிக்குப் போவதானாலும் பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதானாலும் முதலில் மாட்டுக்கு ஆள் பார்க்க வேண்டும். காலையில் யார் பால் கறப்பது, சொசைட்டிக்கு யார் கொண்டுபோய் ஊற்றுவது, உச்சி வெயிலில் யார் நிழலுக்கு மாற்றிக் கட்டுவது, சாயந்தரம் யார் தண்ணி காட்டுவது என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் பையில் துணி ஏறும். ஆட்டுக்கும் இதே ஏற்பாடு உண்டு. கோழியைக்கூட, "பொழுது சாயறதுக்குள்ள அடைச்சிரு, கீரி வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதே வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பூனையைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்டால், "அதுக்கென்னங்க, எலியப் புடிச்சுத் தின்னுக்கும்" என்பார்கள்.

இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. சராசரியாக 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். ஒரு சுண்டெலியில் கிடைப்பது ஏறக்குறைய 30 கலோரி. அப்படியானால் நாளொன்றுக்கு ஏழெட்டு எலி பிடித்தாக வேண்டும். பாயும் ஒவ்வொரு முறையும் எலி சிக்குவதும் இல்லை. வேட்டை தெரிந்த பூனைக்கே பல பாய்ச்சல்கள் வீணாகும். இதைவிட முக்கியமான ஒன்றை ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். ராகி மூட்டையும் சாமையும் துவரையும் இருப்பது வீட்டுக்குள்ளே. எலி இருப்பதும் அங்கேதான். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியதும் எலி உள்ளே, பூனை வெளியே.

பசித்த பூனை சும்மா கிடக்காது. பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சின் மேல் கை வைக்கும். ஊர் திரும்பும்போது முதலில் காதில் விழுவது அந்தச் சண்டைதான். அல்லது ரோட்டைத் தாண்டி ஓட்டல் குப்பைக்குப் போகும். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே போகிறது. இரவில் அதைக் கடக்கும் பூனைக்கு என்ன நேரும் என்பதை விடியற்காலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மூன்றாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாது. வயலிலும் கடைகளிலும் வைக்கும் எலி மருந்து கேக்குகளில் புரோமடியோலோன் என்ற நஞ்சு இருக்கிறது. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். பசியில் இருக்கும் பூனைக்கு அதுதான் எளிதில் கிடைக்கும் இரை. எலியின் வயிற்றில் இருந்த நஞ்சு பூனையையும் தாக்கும், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். வீட்டில் வயிறாரச் சாப்பிடும் பூனை இப்படித் தள்ளாடும் எலியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, கூடவே கூட்டிப்போய்விடலாமா? வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு அது ஓரளவு சரிப்படும். வெளியே திரிந்து வளர்ந்த பூனைக்குச் சரிப்படாது. அது ஆளோடு இருப்பதைவிட இடத்தோடு இருப்பது அதிகம். இன்ன சுவர், இன்ன வைக்கோல் போர், இன்ன வேலி என்று அது தன் எல்லையை மோந்து மோந்து வைத்திருக்கிறது. வேண்டாத பூனையைக் கோணிப்பையில் கட்டி அடுத்த ஊரில் விட்டு வருவதும், சில நாளில் அது திரும்பி வந்து நிற்பதும் நம் ஊர்களில் கேள்விப்படாத கதையல்ல. புது இடத்துக்குக் கொண்டுபோன பூனையை இரண்டு மூன்று வாரமாவது உள்ளேயே வைத்திருந்து பிறகுதான் வெளியே விட வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. ஒரு வார விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குத் தூக்கிப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் நாளே கதவிடுக்கில் நழுவும், தெரியாத தெருவில் தெரியாத நாய்களுக்கு நடுவே நிற்கும். ஆகவே பூனை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆள்தான் அதைத் தேடி வர வேண்டும்.

யார் வருவது என்பதில்தான் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும், அதற்குள்ளேயே ஒரு வசதியும் இருக்கின்றன. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கமெல்லாம் ஊர் என்றால் நெருக்கமான தெரு மட்டுமல்ல. நிலத்துக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் கொட்டாய்கள் ஏராளம். பக்கத்து வீடு என்பது ஒரு தக்காளித் தோட்டமும் ஒரு மாந்தோப்பும் தள்ளி இருக்கும். பூனைக்கு ஒரு வாய் சோறு வைக்க மட்டும் அவ்வளவு தூரம் தினமும் வா என்று யாரையும் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் மாட்டுக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இரண்டு வேளையும் வருகிறாரே! பால் கறக்கும் நேரம் பூனைக்கு நன்றாகத் தெரியும். சொம்பில் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டதும் எங்கிருந்தாலும் வந்து கொட்டகை ஓரத்தில் உட்காரும். மாட்டுக்குச் சொல்லும்போதே, "அண்ணா, பூனைக்கும் சேர்த்துப் பாத்துக்கங்க, டப்பாவுல தீனி வெச்சிருக்கேன்" என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. தனியாக ஓர் ஏற்பாடே தேவையில்லை.

மாடில்லாத வீடுகளிலும் நகரத்து வாடகை வீடுகளிலும் எதிர்வீட்டு அக்காவையோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையோ கேட்கலாம். பிள்ளைகள் இந்த வேலையை ஆசையோடு செய்வார்கள். ஒரு பெரியவர் பின்னால் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரைக் கேட்டாலும், "பாத்துக்கங்க" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டுப் பஸ் ஏறாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அவரை வரச்சொல்லி, நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர் கையால் தீனி வைக்கச் செய்யுங்கள். எந்தத் தட்டு, அதை எப்படித் தட்டினால் பூனை வரும், நீங்கள் எந்தக் குரலில் கூப்பிடுவீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். புது ஆள் வந்தால் வெளியில் வளர்ந்த பூனை ஒளிந்துகொள்ளும். பழகிய தட்டின் சத்தம் கேட்டால் வெளியே வரும்.

என்ன தீனி வைப்பது? நம் வீடுகளில் பால்சோறும் தயிர்சோறும்தான் வழக்கம். பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு இரையிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் பூனையின் கண் கெடும் என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. இதயமும் வீங்கிப் பழுதாகும் என்பதை 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகெங்கும் பூனைத் தீனிகளில் டாரின் அளவு கூட்டப்பட்டது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை, வயிற்றால் போகும். உங்கள் கண் முன்னே நடந்தால் பார்த்துக்கொள்வீர்கள். நீங்கள் இல்லாத வாரத்தில் வெயிலோடு அதுவும் சேர்ந்தால் பூனை வற்றிப்போகும். பார்த்துக்கொள்பவருக்கு எளிதானது அவித்த முட்டை, ஒன்று 70 கலோரிக்கு மேல் வரும். ஜிலேபி மீன் வாங்கும் வீடாக இருந்தால் உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுத் தரலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். சைவ வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதானால் கடையில் விற்கும் காய்ந்த தீனிதான் நல்லது, அவர் கையால் மீனைத் தொட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 50, 60 கிராம் போதும். அந்த அளவுக்கு ஒரு டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வாரத் தீனியை மொத்தமாகப் பெரிய பாத்திரத்தில் கொட்டிவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. முதல் மணி நேரத்தில் எறும்பு, பகலில் காக்கை, இரவில் தெருநாய் என்று போய், பூனைக்கு மிஞ்சுவது வெறும் பாத்திரம். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே தீனிக் கிண்ணத்தை வைத்தால் எறும்பு ஏறாது. மதில் மேலோ கொட்டகைத் திட்டின் மேலோ வைத்தால் நாய்க்கு எட்டாது. காக்கை அடங்கிய அந்தி நேரத்தில் வைத்து, அரை மணி கழித்து மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இத்தனையும் செய்ய ஓர் ஆள் வேண்டும், எந்த இயந்திரத்தாலும் வெளிவாசலில் இதைச் செய்ய முடியாது. தண்ணீரை இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், கனமான மண் சட்டியில், நிழலில். சித்திரை வெயிலில் ஒரு சட்டி கவிழ்ந்தாலும் இன்னொன்று இருக்கும்.

கதவைப் பூட்டும் முன்பு பூனை வெளியேதான் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பரணிலும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் தூங்கும் பூனை உள்ளேயே மாட்டிக்கொண்டால் ஒரு வாரத்தில் தாகத்திலேயே செத்துப்போகும். காரில் போகிறவர்கள் கிளம்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டட்டும், என்ஜின் சூட்டில் சுருண்டு படுக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு பயம் இருக்கும், அது நியாயமான பயம். பூனை பிறாண்டினால், கடித்தால்? வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனையாலும் வரும். மூன்று மாத வயதுக்கு மேற்பட்ட எந்தப் பூனைக்கும் அதற்கான தடுப்பூசி போடலாம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. போட்டுவிட்டு அந்தச் சீட்டை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனால் அவர் நிம்மதியாகத் தீனி வைப்பார். அப்படியும் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். இதைச் சொல்லாமல் ஒருவர் தலையில் பூனையைக் கட்டிவிட்டுப் போவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

பூனை ஒரு நாள் தட்டுக்கு வராவிட்டால் பதற வேண்டாம். இரண்டு நாள் ஒருவாய்கூடத் தின்னவில்லை என்றால் உங்களுக்குப் போன் வர வேண்டும். கொழுத்த பூனை பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலைக் கெடுத்துவிடும். பிறகு தீனி கொடுத்தாலும் தின்னாது. கடுவன் பூனை உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முடியவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வலியால் துடிக்கிறதே என்று மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், அரை மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

பெட்டையாக இருந்து, கருத்தடை செய்யாமல் நீண்ட நாள் விட்டுப்போனால் இன்னொரு பொறுப்பும் அடுத்த வீட்டுக்காரர் மேல் விழும். பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள்தான். நாலைந்து மாதக் குட்டியே சினையாகிவிடலாம். அறுவை செய்வதானால் பயணத்துக்குப் பல வாரம் முன்பே செய்து, புண் ஆறும்வரை கூட இருங்கள். தையலோடு ஒரு பூனையை விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வளர்ப்பவர் போதிய தீனியும் தண்ணீரும் இருப்பிடமும் தராமல் விடுவதையும், தக்க காரணமின்றிப் பசி தாகத்தில் வாடும்படி கைவிட்டுப் போவதையும் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் காலத்துத் தொகை இன்றும் அப்படியே நிற்கிறது. அபராதத்துக்குப் பயந்து யாரும் பூனைக்குச் சோறு வைக்கப்போவதில்லை. ஊர் வழக்கமாக மாறினால்தான் நடக்கும்.

துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் அது வழக்கமாகவே இருக்கிறது. தெருவில் திரியும் பூனைக்குத் தெருவே பொறுப்பு. கடைக்காரர் தண்ணீர் வைப்பார், மேல்வீட்டுப் பாட்டி தீனி வைப்பார். ஜெய்டா டோருன் 2016-இல் எடுத்த ‘கெடி’ என்ற ஆவணப்படம் அந்தப் பூனைகளைப் பற்றியதுதான். அங்கே ஒருவர் ஊருக்குப் போனாலும் பூனையின் வயிறு காய்வதில்லை. நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 2020 மார்ச் ஊரடங்கில் கறிக்கடையும் மீன்கடையும் மூடியபோது, கடையோரப் பூனைகளும் நாய்களும் திடீரென்று பட்டினியாயின. இந்திய விலங்குகள் நல வாரியம் அவற்றுக்கு உணவளிக்க வழிசெய்யும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாசல்களில் சட்டியும் தட்டும் வந்தன. அப்போது நம்மால் முடிந்தது.

நம் மாவட்டத்தில் விடுமுறை என்பதைவிடப் பிழைப்புக்காக வெளியூர் போவது அதிகம். பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று குடும்பத்தோடு போய்ச் சில மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். ஒரு வாரத்துக்குச் சொன்ன ஏற்பாடு அவர்களுக்குப் போதாது. அவர்கள் பூனையை முழுமையாக இன்னொரு வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு நாள் வேண்டும். கிளம்ப இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே, ஏற்றுக்கொள்ளும் வீடு பக்கத்திலேயே இருந்தால், தீனித் தட்டைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வாசல் பக்கம் நகர்த்துங்கள். பூனை படுக்கும் பழைய சாக்கையும் அங்கே போடுங்கள், அதன் வாசம் அதில் இருக்கும். பூனை தானாகவே அந்தத் திண்ணைக்குப் போகத் தொடங்கியதும் உங்கள் வாசலில் தீனி வைப்பதை நிறுத்திவிடலாம். மாதாமாதம் தீனிக்கென்று ஒரு தொகையை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். வேண்டாம் என்றுதான் அந்த வீட்டுப் பெரியம்மா சொல்வார், இருந்தாலும் அனுப்புங்கள். ஊர் திரும்பும்போது பூனை உங்களோடு வராமல் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அதை இழுத்துக்கொண்டு வராதீர்கள், அங்கேயே இருக்கட்டும்.