காடா, கைவிட்ட ஊரா? மரங்களைக் கணக்கெடுத்தால் தெரியும்

போருக்குப் பின் மீள்குடியேறப் போன வன்னி மக்கள் பலர், தங்கள் வளவுக்குள்ளேயே வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டனர். பத்து, இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் பற்றை மண்டியிருந்தது. வானிலிருந்து எடுத்த படத்தில் பற்றையும் பச்சை, காடும் பச்சை.

தரையில் இறங்கிக் கணக்கெடுத்தால் இரண்டும் வேறு. காட்டுக்குள் நேர்கோடாகக் கயிறு பிடித்து, குறித்த இடைவெளிகளில் சதுரத் துண்டுகளை அளப்பார்கள். அதற்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் பெயரையும், நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அதன் சுற்றளவையும் எழுதுவார்கள். வன்னியின் பழங்காட்டில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும். எல்லாம் மெல்ல வளர்பவை. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பாலை இருபது வருடத்தில் வந்திருக்காது. கைவிட்ட ஊரிலோ விடத்தலும் சூரையும் நாயுண்ணியும் நெருங்கி நிற்கும், மரங்கள் மெல்லியவை. நடுவில் மட்டும் பெரிய புளி, மா, பனை. தனிப் புளியமரம் சாட்சியாகாது. குரங்கும் கரடியும் விதையைக் கொண்டுபோய்ப் போடும். நிரைக்கு நிற்கும் பனையும் தூர்ந்த கிணறும் சேர்ந்திருந்தால் மறுப்பது கடினம்.

இதே கணக்கு எமக்கு எதிராகவும் சொல்லக்கூடும். ஊர் எல்லை தாண்டி முதிரை வெட்டப்பட்ட இடத்தை அடிக்கட்டைகளே காட்டிக்கொடுக்கும்.

விலங்குகளை எண்ணுவது வேறு வேலை. 2011 ஆவணி வறட்சியில் நாடு முழுவதும் குளங்களிலும் நீர்நிலைகளிலும் காத்திருந்து யானைகளை எண்ணினார்கள். மொத்தம் 5,879, வடக்கு வலயத்தில் 233. கரடியை அப்படி எண்ண முடியாது. பாலைப்பழக் காலத்தில் எச்சம், கால்தடம், மரத்தில் நகக்கீறல் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிக்காத பகுதிக்குள் கயிறு பிடிக்கவே முடியாது.

பெயர் மாறினால் சட்டமும் மாறும். சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமானது, 2015 இல் தேசிய பூங்காவானது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழையவே முடியாது. ஆகவே வர்த்தமானி வந்த பிறகு ஓடித்திரிவதைவிட, அளக்க வரும் நாளில் கிராம அலுவலருடன் ஊரின் பழையவர் ஒருவரும் கூடப் போவது நல்லது. உறுதி தொலைந்தவர்கள் கிணறு, கோயில், பெருமரங்கள் நின்ற இடங்களை இப்போதே எழுதி வைத்திருக்கலாம்.